பல வருடம் கழித்து சி-க்குத் திரும்பினால் வரும் கம்பைல் எரர்கள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

பல வருடம் கழித்து சி மொழியில் ஒரு புரோகிராம் எழுத உட்கார்கிறீர்கள். ஒரு காலத்தில் மனப்பாடமாக எழுதியதுதான். கம்பைல் (எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றுவது) கொடுத்தால் திரை முழுக்க எரர். எல்லாம் மறந்துபோய்விட்டது என்று உடனே நினைத்துவிட வேண்டாம். மறந்தது ஒரு பங்கு இருக்கலாம். நீங்கள் இந்தப் பக்கம் வராத காலத்தில் கம்பைலருக்குக் கண்டிப்பு கூடிவிட்டது, அது இன்னொரு பங்கு. பதினான்கு வருடம் கழித்து என் பழைய புரோகிராம்களைத் திறந்தபோது வந்த எரர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகைதான். ஒரு எழுத்துகூட மாறாத புரோகிராம், அன்று ஓடியது, இன்று ஓடவில்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே அறிகுறிப்படி போகிறேன். உங்கள் திரையில் தெரிவதற்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். எரர் வாசகங்கள் திரையில் ஆங்கிலத்தில்தான் வரும். வாய்விட்டுப் படித்தால் எப்படி ஒலிக்குமோ அப்படியே இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியவை

கம்பைலரின் வயதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெர்மினலில் ஜிசிசி (லினக்ஸில் வழக்கமான சி கம்பைலர்) என்று அடித்து, இடம் விட்டு, --வெர்ஷன் என்று கொடுத்தால் எண் வரும். இந்த எண் முக்கியம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் எந்த வருடத்து சி விதிகளைப் பின்பற்றுவது என்று ஒவ்வொரு பதிப்பும் தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. ஜிசிசி 5-க்கு முன்பு வரை அது 1989-ன் விதி. 2015-ல் வந்த ஜிசிசி 5 அதை சி11-க்கு, அதாவது 2011-ன் விதிக்கு, மாற்றியது. ஜிசிசி 8-ல் சி17. 2025-ல் வந்த ஜிசிசி 15-ல் சி23. மேக்கில் ஜிசிசி என்று அடித்தாலும் உள்ளே ஓடுவது கிளாங் என்ற வேறு கம்பைலர். அதையும் அந்த வெர்ஷன் வரியே சொல்லிவிடும்.

அடுத்தது, முதல் எரரை மட்டும் படியுங்கள். நாற்பது எரர் வந்தால் அதில் முப்பத்தைந்து முதல் எரரின் பிள்ளைகள். ஒன்றைத் திருத்துங்கள், மறுபடி கம்பைல் செய்யுங்கள், மறுபடி முதலாவதைப் படியுங்கள். திரை ஓடிப்போய் முதலாவது கண்ணில் படவில்லை என்றால் -டபிள்யூஃபேட்டல்-எரர்ஸ் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். முதல் எரரோடு கம்பைலர் நின்றுவிடும். திரும்பி வந்த முதல் வாரத்தில் எனக்கு மிக அதிகமாக உதவியது இந்த ஒன்றுதான்.

கடைசியாக, எரர் யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஃபைல் பெயர், வரி எண், பிறகு ஃபேட்டல் எரர் என்று வந்து ஒரு ஹெடரின் (இன்க்ளூட் வரியில் சேர்க்கும் ஃபைலின்) பெயர் இருந்தால், ஹெடர்களைச் சேர்க்கும் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. ஃபைல் பெயர், வரி எண், எரர் என்று வந்தால் கம்பைலர் பேசுகிறது. எல்டி, கலெக்ட்2 என்ற சொற்கள் தெரிந்தால் பேசுவது லிங்கர். அப்படியானால் உங்கள் இலக்கணத்தில் தவறில்லை, துண்டுகளைச் சேர்க்கும்போது ஏதோ ஒன்று கிடைக்கவில்லை. விஷுவல் ஸ்டுடியோவில் இது இன்னும் எளிது: எண்ணுக்கு முன்னால் சி இருந்தால் கம்பைலர், எல்என்கே இருந்தால் லிங்கர்.

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

கம்பைலரே இல்லை. உபுண்டு, டெபியனில் பில்ட்-எசென்ஷியல் என்ற தொகுப்பை நிறுவினால் போதும். மேக்கில் எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால். மேக்கின் இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு "இன்வாலிட் ஆக்டிவ் டெவலப்பர் பாத்" என்று வந்தாலும் மருந்து இதே கமாண்ட்தான்.

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி", பக்கத்தில் ஒரு ஹெடர் பெயர்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் டர்போ சி கம்பைலரில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் எரர். கோனியோ டாட் எச் கிடைக்கவில்லை என்று வரும். அந்த ஹெடர் சி மொழியின் பகுதியே அல்ல. டாஸ் காலத்துக் கம்பைலர்கள் தங்கள் திரைக்கும் விசைப்பலகைக்கும் வைத்திருந்த சொந்த ஏற்பாடு. லினக்ஸிலும் மேக்கிலும் அது கிடையாது. விண்டோஸின் மிங்டபிள்யூ கம்பைலரில் அந்தப் பெயரில் ஒரு ஹெடர் உண்டு, அதில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச் இருக்கும், ஆனால் திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் இருக்காது.

அந்த இன்க்ளூட் வரியை நீக்குங்கள். கிளியர்ஸ்கிரீன் அழைப்பை நீக்குங்கள். கடைசியில் இருக்கும் கெட்ச் எதற்காகப் போட்டோம் என்று நினைவிருக்கிறதா? புரோகிராம் முடிந்ததும் டர்போ சி உடனே எடிட்டருக்குத் திரும்பிவிடும், வெளியீட்டைப் பார்க்க நேரம் இருக்காது. அதைத் தடுக்கத்தான். டெர்மினலில் அந்தப் பிரச்சினை இல்லை, எடுத்துவிடலாம். என்டர் தட்டாமல் ஒரே விசையைப் படிப்பது உண்மையிலேயே தேவை என்றால் என்கர்சஸ் நூலகத்தைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் டாட் எச் வைத்து வட்டமும் கோடும் வரைந்த புரோகிராம் என்றால் வரி வரியாகத் திருத்திப் பயனில்லை. டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸில் பழைய கம்பைலரோடு அப்படியே ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் எஸ்டிஎல் போன்ற ஒரு கிராஃபிக்ஸ் நூலகத்தில் புதிதாக எழுதுங்கள்.

கோனியோ இல்லாமல், உங்கள் சொந்த ஹெடர் அல்லது சாதாரண ஹெடரின் பெயர் வந்தால் எழுத்தின் அளவைப் பாருங்கள். டாஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு. பெரிய எழுத்தில் எழுதிய ஸ்டுடியோ டாட் எச் (எஸ்டிடிஐஓ என்ற ஹெடர்) அங்கே ஓடியது, இங்கே அப்படி ஒரு ஃபைலே இல்லை. பாதையில் \ போட்டிருந்தால் / ஆக மாற்றுங்கள். / விண்டோஸிலும் வேலை செய்யும்.

சி புரோகிராம்தான், ஆனால் "மெயின் மஸ்ட் ரிட்டர்ன் இன்ட்" என்று எரர்

இதில் நான் ஒரு மாலை முழுவதும் சிக்கிக்கொண்டேன். வாய்ட் மெயின் என்று எழுதினால் சி கம்பைலர் எச்சரிக்கைதான் கொடுக்கும், நிறுத்தாது. அப்படியிருந்தும் எரர். நினைவகம் கேட்கும் மாலக் வரியில் "இன்வாலிட் கன்வெர்ஷன் ஃப்ரம் வாய்ட் ஸ்டார்" என்று இன்னொன்று. இரண்டும் சி++ பேசும் பேச்சு.

காரணம் ஃபைல் பெயர். டாஸிலிருந்து நகலெடுத்த ஃபைல்களின் பெயர் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் பெரிய எழுத்து சி இருந்தால் ஜிசிசி அதை சி++ என்று எடுத்துக்கொள்கிறது. சி++ பகுதி நிறுவப்படாத கணினியில் "கேனாட் எக்ஸிக்யூட் சிசி1பிளஸ்" என்று வரும். அதுவும் இதே நோய்தான். ஃபைலின் பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. விஷுவல் ஸ்டுடியோவில் புதிய ஃபைல் சிபிபி என்ற முடிவோடு உருவாவதும் இதே விளைவைத் தரும்.

"ஸ்ட்ரே ... இன் புரோகிராம்"

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரியில் இந்த எரர் வரும். கம்பைலருக்குப் புரியாத ஓர் எழுத்து அங்கே இருக்கிறது. ஸ்ட்ரேக்குப் பக்கத்தில் வரும் எண்ணைப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது.

\342 என்றால் வளைந்த மேற்கோள் குறி, அல்லது நீளமான கோடு. இணையப் பக்கத்திலிருந்தோ வேர்ட் ஆவணத்திலிருந்தோ ஒட்டினால் வரும். நேரான மேற்கோளை விசைப்பலகையில் மறுபடி அடியுங்கள். \302, அதைத் தொடர்ந்து \240 என்றால் இடைவெளி போலத் தெரியும், ஆனால் சாதாரண இடைவெளி அல்லாத ஓர் எழுத்து. அந்த இடத்தை அழித்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். \32 என்றால் அது ஃபைலின் கடைசியில் இருக்கும்: சில டாஸ் எடிட்டர்கள் ஃபைல் முடிந்தது என்று காட்ட வைத்த கன்ட்ரோல்-இசட். கடைசி வரியை அழித்துவிட்டுச் சேமித்தால் போகும்.

\340 என்றால் அது நம் எழுத்தாகவே இருக்கலாம். யுடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துகள் எல்லாமே அந்த எண்ணில்தான் தொடங்குகின்றன. கமென்டை மூடும் குறிக்கு வெளியே ஒரு தமிழ்ச் சொல் தவறி விழுந்திருக்கும். ஜிசிசி 10 முதல் வேரியபிள் பெயரிலேயே தமிழ் எழுத்து வரலாம் என்பதால், புதிய கம்பைலரில் இதே தவறுக்கு ஸ்ட்ரே வராது, "அன்னோன் டைப் நேம்" என்பது போல வேறு எரர் வரும்.

"இம்ப்ளிசிட் டிக்ளரேஷன் ஆஃப் ஃபங்ஷன்"

இங்கே சற்று நிற்போம். திரும்பி வருபவர்களை அதிகம் குழப்புவது இதுதான், நன்றாகப் புரிந்துகொண்டால் அதிகம் பயன் தருவதும் இதுதான்.

பழைய சி-யில் அறிவிக்காத ஃபங்ஷனை அழைக்கலாம். அது ஒரு இன்ட்டைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் தானே ஊகித்துக்கொள்ளும். 1999-ன் சி விதியிலேயே இது நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் கம்பைலர்கள் பல வருடம் எச்சரிக்கையோடு விட்டுவிட்டன. 2023-ல் கிளாங் 16-ம், 2024-ல் ஜிசிசி 14-ம் அதை எரராக ஆக்கிவிட்டன. உங்கள் பழைய புரோகிராம் இப்போது நிற்பதற்குக் காரணம் இது.

இந்தக் கண்டிப்பை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஏன் என்றால், பாயிண்டரைத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமல் அழைத்தால் என்ன ஆகும்? இன்றைய கணினியில் பாயிண்டர் 64 பிட், இன்ட் 32 பிட். கம்பைலர் இன்ட் என்று ஊகித்ததால் முகவரியின் பாதி வெட்டுப்பட்டுவிடும். கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட். எந்த வரியில் தவறு என்று தேடி நாள்கள் போகும். இப்போது அது கம்பைல் செய்யும் நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

திருத்துவதற்கு, அது யாருடைய ஃபங்ஷன் என்று கேளுங்கள்.

நூலகத்தின் ஃபங்ஷன் என்றால் ஹெடர் விட்டுப்போயிருக்கிறது. பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் ஸ்டுடியோ டாட் எச்சில். மாலக், எக்ஸிட், ஏடூஐ எஸ்டிடிலிப் டாட் எச்சில். ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் ஸ்ட்ரிங் டாட் எச்சில். எந்த ஹெடரைச் சேர்க்க வேண்டும் என்று புதிய ஜிசிசி எரருக்குக் கீழே நோட் என்று பல நேரம் அதுவே சொல்லும். லினக்ஸில் மேன் 3 என்று அடித்து ஃபங்ஷன் பெயரைக் கொடுத்தால் முதல் வரிகளிலேயே ஹெடர் தெரியும்.

உங்கள் சொந்த ஃபங்ஷன் என்றால் அது மெயினுக்குக் கீழே எழுதப்பட்டிருக்கும். கம்பைலர் மேலிருந்து கீழாகத்தான் படிக்கிறது. மெயினுக்கு மேலே அதன் தலைப்பு வரியை மட்டும் எழுதி செமிகோலன் வையுங்கள். இல்லாவிட்டால் ஃபங்ஷனையே மேலே நகர்த்துங்கள்.

பெயர் கெட்ஸ் என்றால் ஹெடர் எத்தனை போட்டாலும் தீராது. சி11-ல் அந்த ஃபங்ஷனே மொழியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. எத்தனை எழுத்து வரை படிக்கலாம் என்று அதற்குச் சொல்ல வழியே இல்லை, வருவதை எல்லாம் அர்ரேயைத் தாண்டியும் எழுதிவிடும். எஃப்கெட்ஸுக்கு மாறுங்கள்: அர்ரே பெயர், அதன் அளவு, எஸ்டிடிஇன். மாற்றியதும் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்கெட்ஸ் என்டர் தட்டிய புதுவரி எழுத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். அதை எடுக்காமல் ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால் ஒருநாளும் சமமாகாது. கடைசி எழுத்து புதுவரியா என்று பார்த்து அங்கே '\0' வையுங்கள்.

சரி, ஹெடரும் இருக்கிறது, பெயரும் சரி, ஆனாலும் அதே எரர் என்றால்? நீங்கள் -எஸ்டிடி=சி99 என்று கொடுத்திருக்கிறீர்களா பாருங்கள். அப்படிக் கண்டிப்பாகக் கேட்டால், அந்த வருடத்து சி விதியில் இல்லாத எதையும் லினக்ஸின் ஹெடர்கள் மறைத்துவிடும். ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஸ்ட்ரிங்டூப் சி23 வரும்வரை சி-யின் பகுதி அல்ல, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதியான போசிக்ஸின் பகுதி. அதனால் மறைந்துபோகும். பை மதிப்பைத் தரும் எம்_பிஐ "அன்டிக்ளேர்ட்" என்று வருவதும் இதனால்தான். சி99-க்குப் பதிலாக ஜிஎன்யு99 என்று கொடுத்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

அதே கண்டிப்பின் மற்ற முகங்கள்

வெறும் மெயின்() என்று தொடங்கினால் "ரிட்டர்ன் டைப் டிஃபால்ட்ஸ் டு இன்ட்". முன்னால் இன்ட் சேருங்கள். வாய்ட் மெயினுக்குள் ரிட்டர்ன் 0 எழுதியிருந்தால் "ரிட்டர்ன் வித் எ வேல்யூ". இதற்கும் இன்ட் மெயின்தான் தீர்வு. "மேக்ஸ் பாயிண்டர் ஃப்ரம் இன்டிஜர் வித்தவுட் எ காஸ்ட்" என்று வந்தால் முதலில் மேற்கோளைப் பாருங்கள். ஸ்ட்ரிங்காப்பிக்குள் 'அ' போல ஒற்றை மேற்கோளில் ஓர் எழுத்தைக் கொடுத்திருந்தால் அது ஒரு எண், ஸ்ட்ரிங் அல்ல. இரட்டை மேற்கோள் வேண்டும். இவை எல்லாம் ஜிசிசி 13 வரை எரராக நிறுத்தாதவை, 14-ல் எரர் ஆனவை.

யாரோ எழுதிய மிகப் பழைய புரோகிராமை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும் என்றால் -எஸ்டிடி=ஜிஎன்யு89, -எஃப்பெர்மிசிவ் இரண்டையும் கொடுங்கள், எரர்கள் எச்சரிக்கைகளாக இறங்கிவிடும். நீங்கள் எழுதும் புரோகிராமுக்கு அதைச் செய்யாதீர்கள். மருத்துவர் சொன்ன நோயை மருந்துச் சீட்டைக் கிழித்துத் தீர்க்க முடியாது.

"கான்ஃபிளிக்டிங் டைப்ஸ் ஃபார்"

அறிவித்த வடிவமும் எழுதிய வடிவமும் ஒத்துப்போகவில்லை. எரருக்குக் கீழே நோட் என்ற வரி முந்தைய அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நோட் உங்கள் ஃபைலைக் காட்டாமல் ஸ்டுடியோ டாட் எச்சைக் காட்டினால் பெயர் மோதல். கெட்லைன் என்ற பெயரில் இது அடிக்கடி நடக்கும். வரி படிக்கும் ஃபங்ஷனுக்கு அந்தப் பெயர் வைப்பது பழைய பழக்கம், போசிக்ஸ் 2008-ல் அதே பெயர் ஸ்டுடியோ டாட் எச்சுக்குள் வந்துவிட்டது. உங்கள் ஃபங்ஷனுக்கு வேறு பெயர் வையுங்கள்.

பூல், ட்ரூ, ஃபால்ஸ் இருக்கும் வரியில் எரர். அல்லது "டூ மெனி ஆர்க்யுமென்ட்ஸ்"

ஜிசிசி 15 என்றால் இது சி23-ன் வேலை. அன்று சி-யில் உண்மை, பொய் என்று தனி வகை இல்லாததால் டைப்டெஃப் இன்ட் பூல் என்றோ, ஈனம் போட்டு ஃபால்ஸ், ட்ரூ என்றோ நாமே வரையறுத்துக்கொண்டோம். சி23-ல் இந்த மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். அதனால் அந்தப் பெயர்களை மறுபடி வரையறுக்க முடியாது. உங்கள் வரையறையை நீக்கிவிட்டு எஸ்டிடிபூல் டாட் எச்சைச் சேருங்கள், பழைய கம்பைலர், புதிய கம்பைலர் இரண்டிலும் ஓடும்.

இன்னொரு மாற்றம் வெற்று அடைப்புக்குறி. முன்பு இன்ட் கூட்டு() என்று அறிவித்தால் என்ன வரும் என்று சொல்லவில்லை என்று பொருள். சி23-ல் எதுவும் வராது என்று பொருள். அப்படி அறிவித்துவிட்டு இரண்டு மதிப்பு அனுப்பினால் எரர். ஃபங்ஷன் பாயிண்டர்களிலும் இந்த வெற்று அடைப்பு ஒளிந்திருக்கும், அங்கே "இன்கம்பேட்டிபிள் பாயிண்டர் டைப்" என்று வரும். உள்ளே வகைகளை எழுதுங்கள். உடனே திருத்த நேரமில்லை என்றால் -எஸ்டிடி=ஜிஎன்யு17 என்று கொடுத்து ஓட்டலாம்.

"எக்ஸ்பெக்டட் ..."

இது மறதியால் வருவது. ஆனால் எரர் காட்டும் வரியில் பெரும்பாலும் தவறு இருக்காது, அதற்கு மேலே இருக்கும்.

செமிகோலன் கேட்டால் முந்தைய வரியின் முடிவைப் பாருங்கள். முந்தைய வரி ஒரு இன்க்ளூட் என்றால் அந்த ஹெடரின் கடைசியைப் பாருங்கள். ஸ்ட்ரக்ட்டை மூடிய பிறகு செமிகோலன் போட மறந்திருப்பீர்கள், எரர் மட்டும் வேறு ஃபைலில் தெரியும். ஸ்கொயர் பிராக்கெட் கேட்கிறது, "இன் எக்ஸ்பேன்ஷன் ஆஃப் மேக்ரோ" என்றும் சொல்கிறது என்றால் #டிஃபைன் வரியைப் பாருங்கள். அங்கே செமிகோலன் போட்டிருப்பீர்கள், போடக்கூடாது.

"எக்ஸ்பெக்டட் டிக்ளரேஷன் ஆர் ஸ்டேட்மென்ட் அட் எண்ட் ஆஃப் இன்புட்" என்று ஃபைலின் கடைசி வரியைக் காட்டினால் எங்கோ ஒரு } குறைகிறது. கடைசி வரியை ஏன் காட்டுகிறது? ஒரு ஃபங்ஷனுக்குள் இன்னொரு ஃபங்ஷன் எழுத ஜிசிசி தன் சொந்த நீட்சியாக அனுமதிக்கிறது. அதனால் ஒரு ஃபங்ஷனை மூட மறந்தால் அடுத்து வருவதை எல்லாம் அதற்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு கடைசி வரை படித்துவிடுகிறது. -டபிள்யூபெடான்டிக் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். "ஐஎஸ்ஓ சி ஃபர்பிட்ஸ் நெஸ்டட் ஃபங்ஷன்ஸ்" என்ற முதல் எச்சரிக்கை எந்த ஃபங்ஷனைக் காட்டுகிறதோ, அதற்கு முந்தைய ஃபங்ஷனில்தான் } குறைகிறது. ஆயிரம் வரி ஃபைலில்கூட ஒரே தடவையில் கண்டுபிடித்துவிடலாம்.

"அசைன்மென்ட் டு எக்ஸ்பிரஷன் வித் அர்ரே டைப்"

வேறு மொழிகளில் சில வருடம் இருந்தவர்களின் கை தானாகச் செய்வது. பெயர் என்ற கேரக்டர் அர்ரேக்கு = போட்டு ஸ்ட்ரிங் கொடுக்க முடியாது, அறிவிக்கும் வரியில் மட்டும்தான் முடியும். மற்ற இடங்களில் ஸ்ட்ரிங்காப்பி, அல்லது அளவு தெரிந்து எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப். இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

"அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு"

இங்கிருந்து லிங்கர். ஹெடர் சேர்த்ததால் கம்பைலருக்குப் பெயர் தெரியும், ஆனால் அந்த ஃபங்ஷனின் உடல் கிடைக்கவில்லை.

எஸ்கியூஆர்டி, பவ், சைன் போன்றவை என்றால் கமாண்டின் கடைசியில் -எல்எம் சேருங்கள். கணித நூலகம் லினக்ஸில் தனியாகத்தான் இருக்கிறது. கடைசியில் என்பது முக்கியம். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும், நூலகத்தைச் சந்திக்கும் நேரத்தில் இதுவரை என்ன தேவைப்பட்டதோ அதையே எடுக்கும். -எல்எம்மை முன்னால் போட்டால் அப்போது எதுவும் தேவைப்பட்டிருக்காது. நேற்று -எல்எம் இல்லாமலே ஓடியதே என்று குழம்ப வேண்டாம். எஸ்கியூஆர்டிக்குள் 4.0 போல நிலையான எண்ணைக் கொடுத்தால் கம்பைலரே விடையைக் கணக்கிட்டு வைத்துவிடும், நூலகம் தேவைப்படாது. வேரியபிளைக் கொடுத்த அன்றுதான் எரர் வரும். திரெட் நூலகத்தின் கதை வேறு: 2021-ல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) 2.34 முதல் அது முதன்மை நூலகத்தோடு சேர்ந்துவிட்டது.

உங்கள் சொந்த ஃபங்ஷன் என்றால் அது இருக்கும் இன்னொரு ஃபைலைக் கமாண்டில் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். மெயினே கிடைக்கவில்லை என்றால் அந்த ஃபைலைச் சேமித்தீர்களா, மெயின் என்பதில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

"மல்டிபிள் டெஃபினிஷன் ஆஃப்"

ஹெடருக்குள் இன்ட் கவுன்ட் என்று ஒரு குளோபல் வேரியபிளை எழுதி, அந்த ஹெடரை இரண்டு ஃபைலில் சேர்த்திருப்பீர்கள். முன்பு லிங்கர் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 2020-ல் வந்த ஜிசிசி 10 முதல் அப்படிச் செய்வதில்லை. ஹெடரில் எக்ஸ்டெர்ன் சேருங்கள், ஏதாவது ஒரே ஒரு சி ஃபைலில் எக்ஸ்டெர்ன் இல்லாமல் எழுதுங்கள். மெயினுக்கே இந்த எரர் வந்தால் ஐடிஇ-யின் (எடிட்டரும் கம்பைலரும் சேர்ந்த மென்பொருளின்) ஒரே புராஜெக்டுக்குள் இரண்டு தனித்தனிப் பயிற்சிகளை வைத்திருக்கிறீர்கள்.

விஷுவல் ஸ்டுடியோவில் சி4996

ஸ்கேன்எஃப் பாதுகாப்பற்றது, ஸ்கேன்எஃப்_எஸ் பயன்படுத்து என்று நிறுத்தும். எல்லா இன்க்ளூட்களுக்கும் மேலே, முதல் வரியாக #டிஃபைன் _சிஆர்டி_செக்யூர்_நோ_வார்னிங்ஸ் என்று பெரிய எழுத்துகளில் எழுதுங்கள். ஸ்கேன்எஃப்_எஸ்ஸுக்கு மாறுவதாக இருந்தால் ஸ்ட்ரிங் படிக்கும் இடங்களில் அளவையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், பெயரை மட்டும் மாற்றினால் ஓடும்போது விழும்.

"பெர்மிஷன் டினைட்", இஎக்ஸ்இ ஃபைலின் பெயரோடு

விண்டோஸில் முந்தைய ஓட்டம் இன்னும் முடியவில்லை. அந்தக் கறுப்புச் சன்னலை மூடிவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

"மிஸ்ஸிங் செப்பரேட்டர்"

இது சி எரரே அல்ல, கம்பைல் கமாண்டுகளை எழுதி வைக்கும் மேக்ஃபைலின் எரர். கமாண்ட் வரிகள் டேபில் தொடங்க வேண்டும். உங்கள் எடிட்டர் டேபை இடைவெளிகளாக மாற்றிவிட்டது.

எரர் இல்லை, எச்சரிக்கை மட்டும்

-டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா இரண்டையும் எப்போதும் கொடுங்கள், வருவதை எரர் போலவே நடத்துங்கள். ஸ்கேன்எஃப்பில் & விட்டுப்போனது, இஃப்புக்குள் == இருக்க வேண்டிய இடத்தில் = போட்டது, மதிப்புக் கொடுக்காத வேரியபிளைப் படித்தது எல்லாம் இங்கேதான் தெரியும். ஸ்கேன்எஃப் எச்சரிக்கை கொஞ்சம் சுற்றி வளைத்துப் பேசும்: இன்ட் ஸ்டார் எதிர்பார்த்தேன், இன்ட் வந்தது என்று. அந்த ஸ்டார்தான் விட்டுப்போன &.

கம்பைல் ஆகிவிட்டது, ஆனால் எதுவும் வரவில்லை

லினக்ஸிலும் மேக்கிலும் எரர் இல்லையென்றால் கம்பைலர் எதுவும் சொல்லாது. மௌனம்தான் வெற்றி. -ஓ கொடுத்துப் பெயர் வைக்காவிட்டால் விளைவு ஏ டாட் அவுட் என்ற ஃபைலில் இருக்கும். ஓட்டும்போது பெயருக்கு முன்னால் ./ வேண்டும், ஏனென்றால் இருக்கும் ஃபோல்டரில் டெர்மினல் தானாகத் தேடாது.

புரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைத்து, ./ இல்லாமல் டெஸ்ட் என்று மட்டும் அடித்தால் எரர்கூட வராது, அடுத்த வரியில் கர்சர் அமைதியாக நிற்கும். அந்தப் பெயரில் ஷெல்லுக்கே சொந்தமாக ஒரு கமாண்ட் இருக்கிறது, ஓடுவது அது. பிரிண்ட்எஃப் வேலை செய்யவில்லை என்று நினைத்துப் புரோகிராமைக் கலைத்துவிடாதீர்கள். ./டெஸ்ட் என்று அடியுங்கள், எழுதியது திரையில் வரும்.